பெட்டி சரியும் வாசல்

எங்கள் சபையில் சாதி கிடையாது. சேமக்காலைக்கு இரண்டு வாசல் இருக்கிறது, அவ்வளவுதான்.

பெரிய வாசல் வீதியைப் பார்த்தபடி இருக்கும். இரட்டை இரும்புக் கதவு, மேலே வளைவு, வளைவின் உச்சியில் சிலுவை. அதற்குள்ளால் உழவு இயந்திரம் இழுவைப் பெட்டியோடு போகலாம். வெள்ளம் வடிந்த வருடம் கல்லறைகளுக்கு மண் நிரப்ப அப்படித்தான் போய்வந்தது. மற்றது ஆற்றுப் பக்க வாசல். வரைபடம் போடுகிறவர்கள் மட்டக்களப்பு வாவி என்பார்கள். தில்லைமுனையில் நாங்கள் அதை ஆறு என்றே சொல்வோம். ஆற்றோரக் கண்ணாப் பற்றைக்கும் மதிலுக்கும் இடையில் போகிற ஒற்றையடிப் பாதை அந்த வாசலில் முடியும். ஆள் நுழையலாம். ஆடு நுழையலாம். சவப்பெட்டி நேராக நுழையாது. ஒரு பக்கமாகச் சரித்துத்தான் உள்ளே எடுக்க வேண்டும்.

பெரிய வாசலால் நாங்கள் போவோம். மற்ற வாசலால் ஆற்றங்கரைத் தெருக்காரர் போவார்கள். அவர்கள் ஒரு காலத்தில் செத்த வீட்டுக்கும் கோயிலுக்கும் மேளம் அடித்தவர்கள். அதை விட்டுத் தலைநிமிர வேண்டுமென்றுதான் அவர்களின் பாட்டன்மார் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தார்கள். வந்தவர்களை எங்கள் பாட்டன்மார் இரு கை நீட்டி வரவேற்று, மதிலை இடித்து அவர்களுக்கென்றே ஒரு வாசலும் வைத்துக் கொடுத்தார்கள். இதை யாராவது வெளியூர்க்காரர் சாதி என்று சொன்னால் எங்களுக்குப் பொல்லாத கோபம் வரும். சாதி பாவம். இது வழமை.

இந்த வருடத்தை எங்கள் கீழ்க்கரைத் திருச்சபை சமூக நீதி ஆண்டாகப் பிரகடனம் செய்திருந்தது. ஆண்டின் கருப்பொருள் ‘வாசல்களைத் திறவுங்கள்’. திருச்சபைத் தலைவரான அத்தியட்சரே ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து கொண்டாடுவதற்கு எங்கள் ஆலயத்தைத் தெரிவு செய்திருந்தார்கள். அந்த ஞாயிறு நெருங்கிய கிழமை பார்த்து, வியாழக்கிழமை விடிய, ஆற்றங்கரைத் தெரு றாகேலம்மா கண்ணை மூடினார்.

அவருடைய மகள் சலோமி காத்தான்குடியில் நௌஷாட் என்பவரின் கடையில் அபாயா அங்கிகளுக்குக் கல் பதிக்கிற வேலை செய்கிறாள். கட்டினவன் சுதாகரன், கதிரவெளிக்காரன், சைவம். ஆற்றில் இறால் பிடிக்கிறான். சலோமியின் அப்பாவை அடக்கம் செய்த நாளில் ஆற்றுப் பக்க வாசலில் பெட்டியைச் சரித்தபோது, உள்ளே அவர் உருண்டு பலகையில் மோதின சத்தம் வெளியே கேட்டது. சுமந்தவர்களுக்குக் கேட்டது, போதகருக்குக் கேட்டது, பின்னால் பாடிக்கொண்டு போன எங்களுக்கும் கேட்டது. நாங்கள் பாட்டை நிறுத்தவில்லை. றாகேலம்மாவுக்கு மட்டும் அது கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டில் யாராவது கதவை அடித்துச் சாத்தினாலும் திடுக்கிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். சாகக் கிடந்த நேரம் மகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

“என்னச் சரிக்காமக் கொண்டு போ புள்ள. வேற ஒண்டும் வேணா.”

சலோமி அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே மிஷன் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் பாட்டுக் குழுவில் தாழ்குரல் பாடுகிறவன். ஒத்திகைக்காக அங்கே விறாந்தையில் நின்றேன். போதகர் நேசகுமார் ஐயா, ஞாயிற்றுக்கிழமை மேடையில் வைப்பதற்காக ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் செய்த வாசலுக்குப் பொன்னிறம் பூசுவதை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். அழகான வாசல். இரண்டு கதவும் நல்ல அகலம்.

“ஐயா, அம்மா போயிற்றா,” என்றாள்.

“போயிற்றா எண்டு சொல்லப்படா சலோமி. கர்த்தருக்குள்ள நித்திரையடைஞ்சிற்றா. நாளைக்குப் பின்னேரம் அடக்கத்த வைப்பம். சனிக்கிழமைக்குப் போனா எங்களுக்கு மேடை வேலை இரிக்கி.”

“ஓம் ஐயா. அம்மாவப் பெரிய வாசலால கொண்டு போகோணும். சரிக்கவேணாமெண்டு கேட்டவ.”

பூச்சுத் தூரிகை நின்றது. எங்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். போதகர் ஐயா கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிறவர் அல்ல. கதிரையை இழுத்து அவளை இருக்கச் சொன்னார், அவள் இருக்கவில்லை.

“புள்ள, யோசிச்சுப் பாருங்க. ஆண்டவர் எங்கள எந்த வாசலால வரச் சொன்னவர்? இடுக்கமான வாசலால. அகலமான வாசல் எங்க கொண்டுபோய் விடும்? அழிவில. அப்ப இந்தச் சேமக்காலையில ஆண்டவர் விரும்பின வாசல் ஆருக்குக் கிடைச்சிரிக்கி? உங்கட தெருவுக்கு! நாங்க இவ்வளவு பேரும் அகல வாசலால போற ஆக்கள். எங்கட நிலைமைய நினைச்சா எனக்கே சில நேரம் பயமா வரும்.”

சலோமி பகிடி விடுகிறவள் அல்ல. அவள் உண்மையாகவே அவருக்காக இரங்கின மாதிரித்தான் எனக்குப் பட்டது.

“அப்ப மாத்திக்கொள்ளுவமா ஐயா? நீங்க அதால போங்க. நாங்க அழிவுக்குப் போறம், பரவாயில்ல. அம்மா அதுக்கெல்லாம் ஒண்டும் சொல்லமாட்டா.”

போதகர் ஐயா கொஞ்ச நேரம் பொன்னிற வாசலைப் பார்த்தார். பிறகு, “உங்களுக்குக் கிடைச்ச சிலாக்கியத்தப் பறிக்க எனக்கு மனச்சாட்சி இடங்குடுக்கா,” என்றார். “மற்றது, இது நீதி சம்பந்தப்பட்ட விசயம். நீதிக்கெண்டு நாவற்குடாவில பணியகம் இரிக்கி. நான் ஆலயத்த மட்டும்தான் பாக்கிற. நீதியில தலையிடுறல்ல.”

பாட்டுக் குழுவுக்கு அன்று அந்தப் பணியகத்தில்தான் பயிற்சி. எங்கள் வான் வண்டியிலேயே சலோமியை ஏற்றிக்கொண்டோம். நீதிக்காகப் போகிற வாகனத்தில் இடம் இருந்தும் ஒரு ஆளை விட்டுவிட்டுப் போவது அழகல்ல. பின் ஆசனத்தில், மேளப்பெட்டிக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் இருந்தாள். வீட்டில் அம்மாவின் உடல் கெடாமல் இருக்க மருந்தடிக்கிறார்கள், தெருப் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வழியில் ஒருதரம் சொன்னாள்.

சமூக நீதிப் பணியகம் குளிரூட்டின கட்டடம். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி எட்வின் மாஸ்டர்தான் செயலாளர். அன்றைய பயிற்சிப்பட்டறையின் தலைப்பு ‘ஒடுக்கப்பட்டோருக்குச் செவிமடுத்தல்’. நாங்கள் சோடி சோடியாக இருந்து, ஒருவர் ஒடுக்கப்பட்டவராக நடிக்க மற்றவர் செவிமடுக்க வேண்டும். நடிக்கத்தான் யாருக்கும் வரவில்லை. எங்களுக்கு அதில் பழக்கம் இல்லை. இந்த நேரம் பார்த்து, வெளியே காத்து நின்ற சலோமி உள்ளே வந்து, அம்மா செத்த கதையைச் சொன்னதும் எட்வின் மாஸ்டர் எழும்பியே விட்டார்.

“ஆண்டவர் எங்கட முயற்சிய ஆசீர்வதிச்சிரிக்கார்! உண்மையான ஆள் ஒண்டு! புள்ள, இப்ப சொன்னத அப்படியே முதலாவது சோடியிட்டச் சொல்லுங்க.”

சலோமி சொன்னாள். அம்மா செத்துப்போயிற்றா, பெரிய வாசலால கொண்டு போகோணும். முதலாவது சோடி செவிமடுத்தது. மற்றவர்கள் அந்தச் செவிமடுத்தலை விமர்சித்தார்கள். ஒருவர் இடையில் கைத்தொலைபேசியைப் பார்த்துவிட்டார் என்று குறை சொல்லப்பட்டது. பிறகு இரண்டாவது சோடி. அவள் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். என்னிடம் வந்தபோது அவளுக்குக் குரல் கம்மிவிட்டது, “அம்மா...” என்றதோடு நின்றுவிட்டாள். நான் மெதுவாக, ஆழமாகத் தலையாட்டினேன். தலையாட்டலில் எனக்குத்தான் அன்று நல்ல பெயர்.

“அப்ப ஐயா, வாசல்?” என்று கடைசியில் கேட்டாள்.

எட்வின் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பேசப்போகிறார் என்பதற்கு அது அடையாளம்.

“இதத்தான் நாங்க கவனமாப் பாக்கோணும். இந்தப் பணியகம் திறந்த நாளில இருந்து சாதி எண்ட சொல்ல ஒரு கூட்டத்திலயும் நாங்க பாவிச்சதில்ல. அது எங்கட சாதனை. ஆர் எந்தத் தெரு எண்டு எங்களுக்குத் தெரியா, தெரிஞ்சுகொள்ளவும் மாட்டம். இப்ப உங்கட அம்மாவுக்காகப் பெரிய வாசலத் திறந்தா என்ன நடக்கும்? அவ ஆற்றங்கரைத் தெரு எண்டத நாங்க கவனிச்சதா ஆகும். சாதி பாத்துக் கதவு திறந்ததா ஆகும். சமூக நீதிப் பணியகமே அதச் செய்தா மற்றச் சனம் என்ன செய்யும், சொல்லுங்க?”

“திறக்காம விட்டா ஐயா?”

“திறக்காம விட்டா ஆரையும் ஒண்டும் பாத்ததா ஆகாதே.”

பெரும்பாலானவர்கள் தலையாட்டினோம். பயிற்சி முடிந்த கையோடு அது எல்லாருக்கும் நன்றாக வந்தது.

சலோமி போகாமல் நின்றாள். கதவடியில் சும்மா நின்றாள். அழுகிற ஆளை அனுப்பிவிடலாம், சத்தம் போடுகிற ஆளையும் அனுப்பிவிடலாம். சும்மா நிற்கிற ஆளை என்ன செய்வது என்று பணியகத்துக்குத் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டுப் பார்சல்களும் வந்துவிட்டன. எட்வின் மாஸ்டர் உள்ளே போய் யாருக்கோ தொலைபேசியில் கதைத்துவிட்டு மலர்ந்த முகத்தோடு வந்தார்.

“ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அம்மாவ வச்சிரிக்க ஏலுமா? அத்தியட்சர் தன்ட கையால வாசலத் திறப்பார். அம்மாவத்தான் முதலாவதா உள்ள எடுப்பம்.”

“சேமக்காலை வாசலையா ஐயா?”

“இல்ல இல்ல. மேடையில வைக்கிறது. ரெஜிபோம்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்வின் மாஸ்டருக்கு ஏதோ செய்திருக்க வேண்டும். சாப்பாடு ஆறிக்கொண்டும் இருந்தது.

“சரி. கொள்கையளவில பணியகம் சம்மதிக்குது,” என்றார். “கொள்கையளவில அம்மா பெரிய வாசலால போகலாம்.”

சலோமியின் முகம் விடிந்தது. அதை நான் பார்த்தேன். பிறகு ஒரு சந்தேகம் வந்து கேட்டாள். “கொள்கையளவு எண்டா எவ்வளவு அகலம் ஐயா? பெட்டி நேராப் போகுந்தானே?”

யாரும் சிரிக்கவில்லை. எட்வின் மாஸ்டர் மட்டும், “தாராளமாப் போகும்,” என்றார்.

அவள் ஓட்டோ பிடித்துத் தெருவுக்குப் போய்ச் சொன்னாளாம்: கொள்கையளவுக்குத் திறக்கிறாங்களாம், அது பெட்டியை விட அகலமாம். ஆற்றங்கரைத் தெரு அன்று செத்த வீட்டிலும் கொஞ்சம் சந்தோசப்பட்டது. பொடியன்மார் வீதி வரைக்கும் வெள்ளைக் கொடி கட்டினார்கள். அந்தத் தெருவின் கொடி வீதி வரைக்கும் வந்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அடக்கம். சலோமியின் முதலாளி நௌஷாட் மோட்டார் சைக்கிளில் நேரத்தோடே வந்து, செத்த வீட்டில் சனம் நிரம்பி வழிவதைக் கண்டு, நேரே சேமக்காலைக்குப் போய்விட்டார். அப்போது பெரிய வாசல் திறந்துதான் கிடந்தது. எட்வின் மாஸ்டர் அங்கே வேலையாக நின்றார். நௌஷாட் தொப்பியோடு உள்ளே போய் வேப்பமர நிழலில் நின்றார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கதிரையும் கொடுத்தார்கள். எங்கள் சபை மற்ற மதத்தவரை மதிக்கிற சபை.

எட்வின் மாஸ்டர் பார்த்த வேலை, ஞாயிற்றுக்கிழமைக்கான பதாகையைக் கட்டுவித்தது. கொழும்பில் அச்சடித்து வந்த பதாகை. கதவுகள் இரண்டையும் இழுத்துச் சாத்தி, பூட்டி, ஒரு தூணிலிருந்து மறு தூண் வரைக்கும் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ‘வாசல்களைத் திறவுங்கள்’ என்று ஆள் உயர எழுத்து. நடுவில் அத்தியட்சரின் சிரித்த முகம்.

றாகேலம்மாவின் பெட்டி வீதியால் வந்து அந்தப் பதாகையின் முன்னால் நின்றது.

தூக்கி வந்தவர்கள் தோள் மாற்றினார்கள். வெயில் நல்ல சூடு. சலோமி பதாகையைப் பார்த்தாள். அதை வாசித்தாள் என்பது அவள் உதடு அசைந்ததில் தெரிந்தது. வாசித்துவிட்டுக் கதவு திறக்கும் என்று காத்து நின்றாள்.

“திறக்கலாந்தானே ஐயா?”

“அதுதான் புள்ள கவலை,” என்றார் எட்வின் மாஸ்டர். உண்மையாகவே கவலையோடுதான் சொன்னார். “கதவு ரெண்டும் சேருற இடத்திலதான் அத்தியட்சர்ர முகம் வருகுது. திறந்தா நடுவால கிழிஞ்சிரும்.”

“கழட்டிற்றுத் திறக்க ஏலாதா?” இது சுதாகரன்.

“கழட்டினா மறுகா இப்படி இறுக்கிக் கட்ட ஏலா தம்பி. தொய்யும். நீதி எண்டு எழுதி வச்சிற்றுத் தொய்ய விடப்படா.”

“நேத்து நீங்க சம்மதம் எண்டீங்களே ஐயா,” என்றாள் சலோமி.

“இப்பயும் சம்மதந்தான்! கொள்கையில ஒரு மாத்தமும் இல்ல.” அவர் கையை நெஞ்சில் வைத்தார். “கொள்கையளவில வாசல் திறந்துதான் இரிக்கி. இரும்புக் கதவு மட்டுந்தான் பூட்டு.”

உள்ளே நின்ற நௌஷாட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொடுத்த கதிரையில் ஏறி நின்று, பதாகைக்கு மேலால் எட்டிப் பார்த்து, வெளியே இருந்த எங்களைக் கேட்டார்.

“மௌத்தான மனிசி வெளிய நிக்குது. நான் உள்ள நிக்கிறன். இது என்ன ஒழுங்கு?”

போதகர் ஐயா அவரை வணங்கி, “இது எங்கட உள்வீட்டு விசயம் நானா,” என்றார். உள்ளே நின்றவருக்கு வெளியே நின்று இதைச் சொன்னார்.

சுதாகரன் பெட்டியின் ஒரு மூலையைத் தோளில் வைத்தபடியே பேசினான். “எங்கட ஊர்லயும் இதெல்லாம் இரிக்கி. இல்லையெண்டு நான் சொல்லல்ல. ஆனா நாங்க அதுக்குப் பதாகை அடிக்கிறல்ல.” பிறகு சலோமியைப் பார்த்தான். “என்ன கா செய்வம்? பொழுது போகுது.”

ஆற்றங்கரைத் தெருப் பொடியன்மார் இரண்டு பேர் பதாகையின் கயிற்றில் கை வைத்தார்கள். சலோமி அவர்களைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் பயந்து அப்படிச் செய்யவில்லை. அம்மாவை முன்னால் வைத்துக்கொண்டு அடிபிடி வருவதை அவள் விரும்பவில்லை. அது எங்களுக்கு மிகவும் வசதியாகப் போய்விட்டது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு வாய் கைக்கிறது.

பெட்டி திரும்பியது. வீதியிலிருந்து இறங்கி, மதிலைச் சுற்றி, கண்ணாப் பற்றைக்குள்ளால் ஒற்றையடிப் பாதையில் போனது. நாங்கள் பாடிக்கொண்டு பின்னால் போனோம். வழமையாக நாங்கள் அந்தப் பாதையால் போவதில்லை. அன்று பெரிய வாசலில் பதாகை கட்டியிருந்தபடியால் போகவேண்டி வந்தது. முள் குத்தியது. ஆற்றில் வலை கட்டின கம்புகளுக்கு மேல் நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றன.

ஆற்றுப் பக்க வாசலுக்கு வந்ததும் முன்னால் பிடித்தவர்கள் வழமைப்படி பெட்டியைச் சரிக்கக் குனிந்தார்கள்.

“சரிக்காதீங்க,” என்றாள் சலோமி. “கீழ வையுங்க.”

வைத்தார்கள்.

“மூடியத் திறங்க.”

அவளே குந்தி இருந்து, திருகாணிகளை விரலால் திருகினாள். கல் பதிக்கிற விரல்கள், பலமான விரல்கள். மூடியைத் தூக்கி மதிலில் சாத்திவிட்டு, அம்மாவின் தலைமாட்டு வெள்ளைச் சீலையின் இரண்டு நுனியையும் கையில் சுற்றினாள். சுதாகரன் ஒன்றும் கேட்காமல் கால்மாட்டைப் பிடித்தான். றாகேலம்மா மெலிந்த மனுசி. இரண்டு பேருக்கும் நடுவில், ஏணைக்குள் கிடக்கிற பிள்ளை மாதிரி எழும்பினார். சலோமி பின்பக்கமாக நடந்தாள். ஒரு பக்கமும் சரியாமல், ஒரு பக்கமும் உரசாமல், அம்மாவின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்தபடி அந்த வாசலுக்குள்ளால் உள்ளே போனாள்.

அவளுக்குப் பின்னால் வெறும் பெட்டியைச் சரித்து எடுத்தார்கள். உள்ளே ஒன்றும் உருளவில்லை. நான் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாட்டுக் குழுவில் வேறு சிலருக்கும் வந்தது. போதகர் ஐயா ஆராதனைப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பெட்டிக்கு வெளியே இருக்கிற பிரேதத்துக்கு அதில் ஜெபம் இருக்கவில்லை. குழியடியில் மறுபடியும் பெட்டியில் வைத்து மூடும் வரைக்கும் அவர் ஜெபத்தைத் தொடங்கவில்லை. நௌஷாட்தான் முதலாவது பிடி மண் போட்டார். அவருக்கு எங்கள் ஒழுங்கு தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அத்தியட்சர் வந்தார். தவில், நாதஸ்வரம், குடை, பூமாலை எல்லாம் இருந்தது. ஆலயம் கொள்ளாத சனம். ஆற்றங்கரைத் தெருக்காரருக்கு முன் வரிசையில் இடம் ஒதுக்கி, கதிரைகளில் ‘விளிம்புநிலை’ என்று ஒட்டியிருந்தார்கள். சலோமி கறுப்புச் சேலையில் அதிலொன்றில் இருந்தாள். அத்தியட்சர் ரெஜிபோம் வாசலின் நாடாவை வெட்டினார். இரண்டு கதவும் விரியத் திறந்தன. எல்லாரும் கை தட்டினோம். அதற்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

பிறகு அவர் பேசினார்.

“அன்பானவர்களே, வெள்ளிக்கிழமை இந்தச் சபையில் நடந்ததை எனக்குச் சொன்னார்கள். நான் கண்ணீர் வடித்தேன். ஒரு மகள் தன் தாயைக் கைகளில் ஏந்தி வாசலுக்குள் நுழைந்தாள்! சுவரை இடித்தாளா? இல்லை. கோஷம் போட்டாளா? இல்லை. யாரையும் குற்றம் சொன்னாளா? இல்லவே இல்லை. இதுவல்லவா சமூக நீதி! ஒருவருக்கும் நோகாத நீதி! எத்தனையோ நாடுகளில் நீதி கேட்கிறவர்கள் மற்றவர்களின் நிம்மதியைக் கெடுக்கிறார்கள். தில்லைமுனை உலகத்துக்கு ஒரு முன்மாதிரி காட்டியிருக்கிறது. ஆகையால், இனிமேல் ஆற்றங்கரைத் தெரு உறவுகள் எல்லாரும் இப்படியே, பெட்டி சரியாமல், கைகளில் ஏந்தி எடுத்துச் செல்லப்படலாம் என்று திருச்சபை மகிழ்ச்சியோடு அங்கீகரிக்கிறது.”

நாங்கள் கை தட்டினோம். அன்றைக்கு ஒரு புது வழமை பிறந்தது.

“அதற்கென்று ஒரு சிறு அன்பளிப்பும் உண்டு,” என்றார் அத்தியட்சர்.

எட்வின் மாஸ்டர் ஒரு மடிப்பைக் கொண்டு வந்தார். பதாகை. அன்று காலை, அத்தியட்சர் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்ட பிறகு கழற்றி, துடைத்து, நான்காய் மடித்திருந்தார்கள்.

“நல்ல தடிப்பான பிளாஸ்டிக் சீற்,” என்று எட்வின் மாஸ்டர் ஒலிவாங்கியில் விளக்கினார். “மழைக்கு நனையா. ரெண்டு ஆள் பாரம் தாங்கும். இனி உங்கட தெருவில ஆர் நித்திரையடைஞ்சாலும் இதில வச்சே தூக்கலாம். சபையின்ட சொத்தா மிஷன் வீட்டில இரிக்கும், வந்து கேட்டு எடுக்கலாம்.”

சலோமியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் வந்து இரண்டு கையிலும் அதை வாங்கினாள். மடிப்பின் மேல் பக்கத்தில் ‘திறவுங்கள்’ என்ற சொல் மட்டும் தெரிந்தது. படம் எடுத்தார்கள். நன்றி சொல்லட்டும் என்று எட்வின் மாஸ்டர் ஒலிவாங்கியை அவள் வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

“ஐயா,” என்றாள் சலோமி. “இத இப்ப கழட்டிற்றீங்கதானே?”

“ஓம் புள்ள.”

“அப்ப இப்ப கதவத் திறக்கலாந்தானே?”

ஒலிபெருக்கி நல்ல ஒலிபெருக்கி. ஆலயத்துக்கு வெளியே பந்தலுக்குக் கீழ் நின்றவர்களுக்கும், வீதிக்கு அந்தப் பக்கம் சேமக்காலை வரைக்கும் அது கேட்டது. எட்வின் மாஸ்டர் போதகரைப் பார்த்தார். போதகர் அத்தியட்சரைப் பார்த்தார். அத்தியட்சர் சனத்தைப் பார்த்தார். நாங்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தோம்.

அத்தியட்சர் பெரிய மனிதர். அவருக்குத்தான் விடை தெரிந்திருந்தது.

“ஜெபிப்போம்,” என்றார்.

எல்லாரும் கண்ணை மூடினோம். நீண்ட ஜெபம். உலகத்தில் அடைபட்டுக் கிடக்கிற எல்லா வாசல்களுக்காகவும், நாடு நாடாகப் பெயர் சொல்லி ஜெபித்தார். எங்கள் வாசல் அதில் வரவில்லை. நடுவில் ஒருதரம் நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். சலோமி கண்ணை மூடாமல் எங்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னிடம் வந்தபோது, பழக்கதோசத்தில் நான் தலையாட்டிவிட்டேன்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவள் மேடையில் இல்லை. மடிப்பு மட்டும் பொன்னிற வாசலின் படியில் கிடந்தது. முன் வரிசைக் கதிரைகளும் காலியாக இருந்தன.

வீதிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. இரும்பை உலுப்புகிற சத்தம். ஒரு ஆள் உலுப்பினால் அப்படிக் கேட்காது. தெருவே நின்று உலுப்பியிருக்க வேண்டும். எட்வின் மாஸ்டரின் கை அவரை அறியாமலே காற்சட்டைப் பையைத் தடவியது. பெரிய வாசல் பூட்டின் திறப்பு அங்கேதான் இருந்தது. பக்கத்திலிருந்த நாங்கள் எல்லாரும் அதைக் கண்டோம்.

“பாட்டு,” என்றார் போதகர் ஐயா எங்கள் பக்கம் திரும்பி. “கொஞ்சம் சத்தமா.”

நாங்கள் பாடினோம். தாழ்குரலில் நான் அன்றைக்குப் பாடின மாதிரி என்றைக்கும் பாடியதில்லை. பாட்டு முடிந்தது. இரும்புச் சத்தம் முடியவில்லை. அத்தியட்சர் கையை உயர்த்தி, இன்னொரு பாட்டு எடுக்கச் சொன்னார்.